பேத்தமங்கலம் வழியாக: தங்கவயலின் பழைய சாலையை இணையத்தில் தேடுவது

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான பெருவழி கடந்த இருநூறு ஆண்டுகளில் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1800-ல் பயணிகள் வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர் வழியாக வந்து, பெத்தநாயக்கன்துர்க்கம் கணவாயில் ஏறி, வெங்கடகிரிகோட்டையையும் பேத்தமங்கலத்தையும் தாண்டிப் பெங்களூருக்குப் போனார்கள். 1864-ல் ரயில் வந்தது. அது ஜோலார்பேட்டையில் பிரிந்து குப்பம் வழியாக மேலேறி, பேத்தமங்கலத்தைத் தொடாமல் போய்விட்டது. மோட்டார்க் காலத்தில் ராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் என்று போன பாதை தேசிய நெடுஞ்சாலை 4 ஆனது. தங்க நாற்கரச் சாலை போட்டபோது வண்டிகள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் திரும்பின. இப்போது ஓசக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 260 கிலோமீட்டருக்குப் போடப்படும் விரைவுச்சாலை மறுபடியும் பேத்தமங்கலத்துக்கே வந்திருக்கிறது.

பேத்தமங்கலம், கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி அங்கேதான் இருக்கிறது. அந்த ஏரியை அறியாத தங்கவயல்காரர் கிடையாது. ஆனால் அந்த ஊர் ஒரு காலத்தில் சென்னை ராஜபாட்டையில் பெரிய தங்கல் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? தங்கச் சுரங்கத்தின் வரலாறு நம் பேச்சை முழுவதும் பிடித்துக்கொண்டதால், சுரங்கத்துக்கு முந்திய சாலையும், அதே கணவாய்களில் ஏறி வந்த நம் பாட்டன் பூட்டன்மாரின் வழியும் பேச்சிலிருந்து விழுந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தபடியே இந்தச் சாலையை எவ்வளவு தூரம் தேடிப் பிடிக்க முடியும், இணையத்தில் என்ன இருக்கிறது, எதை நம்பலாம், எது இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கா நல்ல உதாரணம். நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைக்க 1913-ல் அறிவிக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலைக்கு இன்று ஒரு சங்கம் இருக்கிறது. காலந்தோறும் அந்தச் சாலை எப்படி இடம் மாறியது என்பதை அடுக்கடுக்காகக் காட்டும் வரைபடத்தை அந்தச் சங்கம் இணையத்தில் வைத்திருக்கிறது. சாலை போட்ட காலத்துப் புகைப்படங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எண்ம நூலகத்தில் இருக்கின்றன. 1926-ல் எண் பெற்று 1985-ல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 66-ஆம் சாலைக்கு அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறையே ஊர் ஊராக வழிகாட்டி எழுதியிருக்கிறது. நூறு வயது நிறைந்த சாலைக்கு இவ்வளவு. நம் சாலை அதைவிட மிகப் பழையது. அதற்கென்று தனியாக ஒரு பக்கமும் கிடையாது. பல இடங்களில் சிதறிக் கிடப்பதைத் தேடி எடுத்து நாமேதான் கோக்க வேண்டும். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. பிறர் கோத்து வைத்ததைப் பார்த்துவிட்டு வருவதைவிட, கோத்துப் பார்ப்பவருக்குச் சாலை நன்றாகப் புரியும்.

தொடங்க வேண்டிய இடம் பிரான்சிஸ் புக்கானன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800 ஏப்ரலில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்ப அவர் சென்னையிலிருந்து புறப்பட்டார். அந்தப் பயணக் குறிப்புகள் 1807-ல் லண்டனில் 3 தொகுதிகளாக வந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் மூன்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாள்வாரியான குறிப்பு என்பதால் சாலையைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல நூல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் என்று வந்து, கணவாய் ஏறி, வெங்கடகிரிகோட்டையில் தங்கி, பேத்தமங்கலத்துக்கு வந்து, அங்கிருந்து டேக்கல் பக்கமாகப் பெங்களூருக்குப் போகிறார். வழியில் மண் என்ன நிறம், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, நெசவாளிகள் யார், இரும்பு எப்படி உருக்குகிறார்கள், எந்தச் சாதி எந்த வேலை செய்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறார். ஊர்ப்பெயர்களை அவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் முதல் வாசிப்பில் தடுமாற்றம் வரும். பேத்தமங்கலம் அவரிடத்தில் அடையாளம் தெரியாத உருவத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முந்திய ஊர், பிந்திய ஊர் என்று வரிசையாக வைத்துப் படித்தால் விளங்கிவிடும்.

புக்கானன் தங்கம் புதைந்த மண்ணுக்குச் சில மைல் வடக்கே போய்விட்டார். இரண்டே ஆண்டு கழித்து, 1802-ல், லெப்டினன்ட் ஜான் வாரன் மைசூர் அரசின் கிழக்கு எல்லையை அளக்க வந்தார். உரிகம், மாரிகுப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காட்டுபவருக்கு வெகுமதி தருவதாகச் சொல்லி, தன் கண் முன்னாலேயே அலசிக் காட்டச் செய்தார். தங்கவயலின் வரலாறு சொல்லும் எல்லாரும் வாரனைச் சொல்கிறார்கள். அவர் யார் என்று சொல்பவர்கள் குறைவு. பிரெஞ்சுக் குடும்பப் பின்னணி உள்ளவர். லாம்ப்டனின் நில அளவைக் குழுவில் வேலை செய்தார். சென்னை வானாய்வுக் கூடத்தையும் சில காலம் பொறுப்பேற்று நடத்தினார். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளை விளக்கி 1825-ல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டவரும் இவரே. இந்த விவரங்களைத் தேடுபவர்கள் பில்லிமோர் தொகுத்த இந்திய நில அளவைத் துறையின் வரலாற்று ஆவணங்களின் இரண்டாம் தொகுதியைப் பார்க்க வேண்டும். அதுவும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது. சாலைகளை அளந்தவர்கள், அவர்கள் பட்ட பாடு, காய்ச்சலில் செத்தவர்கள், சம்பளத் தகராறு எல்லாம் அதில் இருக்கின்றன. நூல் உலர்ந்த நடையில் இருந்தாலும் அடிக்குறிப்புகளில் கதை நிறைய.

அதற்கு முன்பே இந்த மலைச்சரிவில் படைகள் ஏறியிருக்கின்றன. 1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் ஆம்பூர்ப் பக்கம் போவதுபோல் பாவனை காட்டிவிட்டு, சித்தூர் வழியாக மொகிலிக் கணவாயில் ஏறினார். கோலாரும் ஓசக்கோட்டையும் கைக்கு வந்தபின் மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டை விழுந்தது. இன்று பலமனேருக்கு ஏறும் பேருந்து போகும் அதே சரிவு இது. ஜேம்ஸ் ரென்னல் அந்தப் படைநடப்புகளை விளக்கி 1792-ல் வரைபடத்தோடு ஒரு நூல் வெளியிட்டார். படை எந்த வழியே போனது என்பதைச் சாலையின் சான்றாக எடுத்துக்கொள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. பீரங்கியும் மாடுகளும் போகும் வழியைத் தளபதி தேடுவார். வியாபாரி தேடுவது சத்திரமும் தண்ணீரும். இரண்டும் பல இடங்களில் ஒன்றாக இருக்கும், எல்லா இடத்திலும் இருக்காது.

அடுத்த அடுக்கு கெசட்டியர்கள். லூயிஸ் ரைஸ் எழுதிய மைசூர் கெசட்டியரின் 1897 திருத்தப் பதிப்பு, ஹயவதன ராவின் 1920-களின் இறுதியில் வந்த தொகுதிகள், 1908-09-ல் வந்த இம்பீரியல் கெசட்டியர் மூன்றும் இணையத்தில் இருக்கின்றன. இம்பீரியல் கெசட்டியரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ம நூலகம் ஊர்ப்பெயரைத் தட்டித் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. கோலார் பற்றியது 15-ஆம் தொகுதி. ஆனால் நேரம் குறைவாக இருப்பவர் ரைஸ் ஒருவரையே படித்தால் போதும் என்பேன். பேத்தமங்கலத்தின் பழைய பெயர் விஜயாதித்த மங்கலம் என்பதும், சென்னைச் சாலையில் இருந்ததால் அந்த ஊருக்கு இருந்த மதிப்பு ரயில் வந்தபின் குறைந்ததும், தாலுகாவின் பெயரே பௌரிங்பேட்டைக்கு மாறியதும் அவர் வழியாகத்தான் துலங்கும். பௌரிங்பேட்டை என்பது இன்றைய பங்காருப்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயர் ரயில் நிலையத்துக்கு வந்து, நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்து, பழைய சாலையின் ஊரை அது தின்றுவிட்டது. ஒரு ஊர் சாகாமல் மெலிவது எப்படி என்பதற்கு இது நல்ல பாடம்.

ரைஸின் இன்னொரு கொடை ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் 10-ஆம் தொகுதி. கோலார் மாவட்டக் கல்வெட்டுகள் மட்டும் அடங்கிய இது 1905-ல் வந்தது. கோலாரம்மா கோயிலின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இதில் உண்டு. தங்கவயலுக்குத் தமிழர்கள் சுரங்கம் திறந்தபின் வந்தார்கள் என்று மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், இந்த மண்ணில் தமிழ் எழுத்து ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் ஏறியிருப்பதைக் கண்டு வியப்பார்கள். அதற்காக, அன்றிருந்த தமிழரின் பேரர்கள்தான் நாம் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. சுரங்கத் தொழிலாளிகள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர்கள். அந்த உண்மையில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாலையின் கீழ்ப்பாதிக்கு வட ஆற்காடு மாவட்டக் கையேடு வேண்டும். ஆர்தர் காக்ஸ் 1881-ல் எழுதியதை ஹெரால்டு ஸ்டூவர்ட் 1890-களில் திருத்தி வெளியிட்டார். குடியாத்தம் தாலுகா, சாத்கர் தோப்புகள், மலைக்கணவாய்கள் எல்லாம் அதில் வருகின்றன. மைசூர் கெசட்டியரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஏனென்றால் இரண்டும் எல்லைக் கோட்டில் நின்றுவிடும். சமஸ்தானத்து எழுத்தர் கணவாயின் உச்சி வரை எழுதுவார், சென்னை மாகாணத்து எழுத்தர் அடிவாரம் வரை எழுதுவார். இடையில் ஏறி வந்தவன் இரண்டு நூலிலும் இருக்க மாட்டான்.

வரைபடங்களுக்கு வருவோம். இந்திய நில அளவைத் துறை 2017-ல் தன் 250-ஆம் ஆண்டை ஒட்டித் திறந்த வரிசை வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கியது. 1:50,000 அளவில் இவை கிடைக்கும். பழைய தாள் எண் முறையில் ராபர்ட்சன்பேட்டை 57 எல்/5 தாளிலும், பங்காருப்பேட்டை அதற்கு மேற்கே 57 எல்/1 தாளிலும் விழும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடக் குவியல்களில் ஊர்ப்பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது, தாள் எண்ணைத் தட்டினால் வரும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் தயாரித்த 1:2,50,000 அளவுத் தாள்களை வைத்திருக்கிறது. சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்துச் சாலைகளும் ரயில் பாதைகளும் அவற்றில் தெளிவு. நம் ஊர் வரைபடத்தை நம் துறையிடம் வாங்க ஒரு காலத்தில் கெஞ்ச வேண்டியிருந்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது ஒரு வேடிக்கை. டேவிட் ரம்சி தொகுப்பில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய வரைபடங்களை மிக நுணுக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

செயற்கைக்கோள் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் இருக்கிறது, கூகுள் எர்த் இருக்கிறது. கூகுள் எர்த்தில் 1984 முதல் ஆண்டுவாரியாக நகரும் படத்தைத் தங்கவயலின் மேல் வைத்துப் பாருங்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணான சைனைட் மேடுகள் வெள்ளையாகக் கிடப்பது தெரியும். பெங்களூர் கிழக்கே கிழக்கே வருவது தெரியும். விரைவுச்சாலையின் கோடு கடைசி ஆண்டுகளில் வயல்களை அறுத்துக்கொண்டு திடீரென்று தோன்றும். பழைய பேத்தமங்கலம் சாலை ஏரிக்கரைகளையும் பாறைக் குன்றுகளையும் சுற்றிச் சுற்றிப் போவதும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. இரண்டு சாலைகளின் குணத்தையும் ஒரே பார்வையில் காட்ட வேறு எதனாலும் முடியாது.

ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரையிலான கிளைப்பாதை 1894-ல் வந்தது. சுமார் 16 கிலோமீட்டர்தான். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள். சுரங்கத்துக்கு இயந்திரமும் கரியும் கொண்டுவரப் போட்ட பாதையில் இன்று தங்கவயலின் பிள்ளைகள் விடியற்காலையில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். பாதையின் வரலாற்றுக்கு இந்திய ரயில் ஆர்வலர் மன்றத்தின் காலவரிசைப் பக்கங்கள் உதவும். பாதைகளை மட்டும் தனியாகக் காட்டும் ஓப்பன் ரயில்வே மேப்பும் உண்டு. பழைய பயணிகளுக்கான முர்ரே கையேட்டின் பதிப்புகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கின்றன. ஆங்கிலேயப் பயணிக்கு எந்த நிலையத்தில் சிற்றுண்டி கிடைக்கும் என்பது வரை அவற்றில் பார்க்கலாம். ராபர்ட்சன்பேட்டை என்ற பெயரே மைசூரில் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனை ஒட்டி வந்தது. அவர் பதவியில் இருந்தது 1896 முதல் 1903 வரை. பேட்டை ரயிலுக்குப் பிந்தியது என்பது இதிலிருந்தே விளங்கும்.

கம்பெனி பக்கத்துச் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. 1880-ல் உள்ளே வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தைப் பற்றிக் கிரேஸஸ் கைடு என்ற பிரிட்டிஷ் தொழில் வரலாற்றுத் தளத்தில் படிக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த குடும்பங்களின் சங்கமான பிபிஸ், தங்கவயலுக்கென்றே ஒரு பக்கம் வைத்து, எங்கே எது கிடைக்கும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. கார்ன்வால் மாவட்டத்தின் ஆவணக் காப்பகமான கிரெசன் கெர்னோ 2019-ல் ரெட்ரூத்தில் திறந்தது. தங்கவயலுக்கு வந்த கார்னிஷ் சுரங்கக்காரர்களின் சொந்த ஊர்ப்பக்கம் அது. அதன் அட்டவணையை வீட்டிலிருந்தே தேடலாம். தங்கம் தோண்ட முதல் உரிமம் பெற்ற மைக்கேல் லவெல் நியூசிலாந்துப் போரில் இருந்தவர். 1875-ல் அவருக்கு மைசூர் அரசு உரிமை கொடுத்தது. நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் இரண்டும் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேட விடுகின்றன. மைசூர்த் தங்கம், பங்கு விலை, மாத உற்பத்தி என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கும். தேடும்போது ஒரு எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். உரிகத்துக்கு மட்டும் ஆங்கிலத்தில் நான்கைந்து விதக் கூட்டல்கள் புழங்கியிருக்கின்றன. வாரன் எழுதியது ஒரு மாதிரி, கம்பெனி பதிவு செய்தது ஒரு மாதிரி, ரயில் பலகையில் இருப்பது வேறு மாதிரி.

அரசு ஆவணங்களுக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இருக்கிறது. மைசூர் ரெசிடென்சிக் கோப்புகளைத் தேடுபவர்கள் பொறுமையோடு உட்கார வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். பின்னிணைப்புகளில் வரும் அட்டவணைகளுக்காகவாவது பார்க்கத் தகும். ஆழமாகப் படிக்க விரும்புபவர்கள் இணையத்தை மூடிவிட்டு ஜானகி நாயர் 1998-ல் வெளியிட்ட நூலைத் தேடிப் பிடிக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் சமஸ்தான மைசூரில் வைத்து ஆராய்ந்த நூல் அது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் தங்கவயல் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் புரிந்துகொள்ள அதை விட்டால் வழி கிடையாது. தங்கவயலின் தொழிலாளர் வரலாறு இலவசமாகக் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள், ஒரு நல்ல நூலுக்குக் காசு கொடுக்க ஏன் யோசிக்கிறோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் கிடைப்பதையெல்லாம் நம்பக் கூடாது என்பது எல்லாரும் சொல்வது. எதை என்று சொன்னால்தான் பயன். தங்கவயலைப் பற்றிய பக்கங்களில் அதிகம் நகலெடுக்கப்பட்ட வாசகம், ஆசியாவிலேயே முதலில் மின்சாரம் கண்ட ஊர் என்பது. சில பக்கங்களில் இரண்டாவது என்று வரும். டார்ஜிலிங் பக்கத்துச் சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897-லேயே ஓடியது. டோக்கியோவில் அதற்கும் முன்பே விளக்கு எரிந்தது. தங்கவயலின் பெருமை வேறு. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரத்துக்கு மின்கம்பி இழுத்துச் சுரங்கங்களை ஓட்டியது அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. உள்ள பெருமையை விட்டுவிட்டு இல்லாத பெருமையைச் சுமப்பது வீண். இன்னொரு வாசகம் ‘குட்டி இங்கிலாந்து’. பங்களாக்களையும் கிளப்பையும் பார்த்தவர்கள் எழுதியது. மூங்கில் தட்டியும் தகரமும் வைத்துக் கட்டிய தொழிலாளர் லைன்களில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அது எந்த நாளிலும் இங்கிலாந்தாகத் தோன்றியிருக்காது. அந்த வாசகம் வரும் பக்கத்தை நான் மூடிவிடுவது வழக்கம்.

2018-லும் 2022-லும் வந்த கன்னடப் படங்களுக்குப் பிறகு தேடுபொறியில் ஊரின் சுருக்கப் பெயரான கே.ஜி.எஃப். என்று தட்டினால் கதாநாயகனின் துப்பாக்கிதான் வருகிறது. 2024-ல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்ததும் வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடி வந்தவர்களின் கதை என்ற நினைப்பு கொஞ்சம் பரவியது. படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த மக்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று கேட்கும் ஆவலைப் பலருக்கு அது கொடுத்திருக்கிறது. தேடும்போது ஊரின் சுருக்கப் பெயரை விட்டுவிட்டு உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், பௌரிங்பேட்டை என்று தனித்தனியாகத் தேடினால் சினிமா விலகிவிடும்.

இந்த வளங்கள் நிலையானவை என்றும் எண்ண வேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, அதன் எண்மத் தொகுப்புகள் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. மறு ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்குதலில் சில நாள் முடங்கியது. வேண்டிய நூலை இறக்கி ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, இல்லாததைப் பார்ப்போம். மேலே சொன்னவற்றில் தமிழில் எவ்வளவு? கல்வெட்டுகளைத் தவிர, ஏறத்தாழ ஒன்றுமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் எண்ம நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மதுரைத் திட்டம் மூன்றும் தமிழுக்குச் செய்திருப்பது கொஞ்சமல்ல. ஆனால் பழைய அச்சுத் தமிழைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. ஆங்கில நூலுக்குள் ஒரு ஊரின் பெயரைத் தட்டி நொடியில் பக்கத்தைப் பிடிப்பதுபோல் பழைய தமிழ் இதழுக்குள் பிடிக்க முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

புரட்டத் தகுந்தது நிறைய இருந்தது என்பதுதான் வருத்தம். தங்கவயல் அச்சுக்குப் பேர்போன ஊர். பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் சென்னையில் 1907-ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் 1914-ல் அவர் மறைந்தபின் நின்று நின்று, 1920-களில் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இங்கிருந்து மறுபடி வந்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் பக்கங்களுக்கு இந்த நூல்களும் சொற்பொழிவாளர்களும் போனது எந்த வழியில்? சுரங்கத்துக்கு ஆள் வந்த அதே ரயிலிலும் அதே கணவாய்களிலும்தான். மேலே ஏறியது உழைப்பு, கீழே இறங்கியது சம்பளப் பணமும் அச்சிட்ட காகிதமும். சாலையின் வரலாறு என்று நான் கருதுவது இதைத்தான். புக்கானனும் ரைஸும் சாலை எங்கே இருந்தது என்று சொல்வார்கள். அதில் போனவர்கள் என்ன கொண்டுபோனார்கள் என்பதை வீட்டுப் பெட்டிகளில்தான் தேட வேண்டும்.

அந்தப் பெட்டிகள் வேகமாகக் காலியாகின்றன. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசின் கைக்குப் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூடிய ஆண்டில் பிறந்தவர்களுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. அவர்கள் பெங்களூரில் வீடு பார்த்துப் போகும்போது தாத்தாவின் தகரப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகிறது. அதில் இருப்பவை கம்பெனி கொடுத்த அடையாள அட்டை, சர்வீஸ் புத்தகம், பி.எஃப். சீட்டு, சங்கத்து நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையை அலட்சியம் செய்ய வேண்டாம். மாப்பிள்ளை ஊர் பேரணாம்பட்டு, பெண் ஊர் சாம்பியன் ரீஃப் என்று அச்சாகியிருந்தால், அந்தக் குடும்பம் கணவாயை விடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எந்தக் கெசட்டியரிலும் கிடையாது.

இதைச் செய்யக் கட்டடமோ நிதியோ அரசாணையோ வேண்டியதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் விக்கிமீடியா காமன்ஸிலும் யாரும் கணக்குத் தொடங்கி ஏற்றலாம். காமன்ஸில் உரிமை விதிகள் கடுமை என்பதால் தாங்களே எடுத்த படங்களையும் காலாவதியானவற்றையும் மட்டும் அங்கே போடுங்கள். உயிரோடு இருப்பவரின் முகவரி, எண் உள்ள காகிதங்களை ஏற்றுமுன் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகச் சேர்க்க முடியும். பழைய பெயருக்கும் தனிப் புலம் உண்டு. இடிந்துபோன லைன்களின் பெயர்கள், மூடிய ஷாப்ட்டுகளின் பெயர்கள், மேஸ்திரிகளின் பெயரால் வழங்கிய தெருக்கள் எல்லாம் எழுபது வயதைத் தாண்டியவர்கள் வாயில் மட்டுமே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவரோடு மாரிகுப்பத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டை வரை நடந்தால் பாதி சேர்ந்துவிடும்.

ராபர்ட்சன்பேட்டையில் உள்ள பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் செய்திட்டம் கொடுக்கிறீர்கள். இந்த ஆண்டு இப்படிக் கொடுத்துப் பாருங்கள்: தாத்தாவோ பூட்டனோ எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, எந்த ஆண்டில் தங்கவயலுக்கு வந்தார் என்று வீட்டில் கேட்டு, அந்த ஊருக்கு வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் ஒரு காகிதத்தைப் படமெடுத்து ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்போது ஆண்டு, ஊர், யாருடைய பெட்டியிலிருந்து எடுத்தது என்ற மூன்றையும் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்.